அவர் சொன்னதை நாம் சொல்வது எப்படி? டைரக்ட், இன்டைரக்ட் ஸ்பீச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், இந்தப் பாடத்தில் பாதி காதுக்குத்தான் பிடிபடும். ‘வேர்’ என்று வந்தால் ‘எங்கே’ என்று பொருள். ‘வெர்’ என்று வந்தால் ‘வாஸ்’ என்பதன் பன்மை.

டைரக்ட் ஸ்பீச்சுக்கும் இன்டைரக்ட் ஸ்பீச்சுக்கும் அடிப்படையில் என்ன வேறுபாடு?

ஒருவர் சொன்ன சொற்களை அப்படியே மேற்கோள் குறிக்குள் வைத்தால் டைரக்ட் ஸ்பீச். தமிழ் இலக்கணத்தில் இதை நேர்க்கூற்று என்கிறோம். அவர் சொன்ன செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு நம் வாக்கியமாகச் சொன்னால் இன்டைரக்ட் ஸ்பீச், அதாவது அயற்கூற்று.

முரளி செட், “ஐ ஆம் டயர்ட்.”
முரளி செட் தட் ஹி வாஸ் டயர்ட்.

முதல் வாக்கியத்தில் இரண்டு குரல்கள் கேட்கின்றன: நம்முடையது ஒன்று, மேற்கோளுக்குள் முரளியுடையது ஒன்று. இரண்டாவதில் ஒரே குரல்தான், நம்முடையது. ‘ஐ’ என்றால் பேசுபவர். இப்போது பேசுவது நாம் என்பதால் முரளி ‘ஹி’ ஆகிவிடுகிறார். அவர் பேசிய நேரம் நமக்குக் கடந்துபோன நேரம் என்பதால் ‘ஆம்’ என்பது ‘வாஸ்’ ஆகிறது. இலக்கண நூல்களில் பக்கம் பக்கமாக வரும் பட்டியல்கள் எல்லாம் இந்த ஒரே காரணத்திலிருந்து பிறந்தவைதான். பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தவர் அது பொருந்தாத இடத்திலும் அதையே திணிப்பார். காரணம் புரிந்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

தமிழில் இந்தச் சிக்கல் வருவதில்லையே. ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இவ்வளவு மாற்றம்?

‘எனக்கு உடம்பு சரியில்லை என்று முரளி சொன்னான்.’ உடம்பு சரியில்லாதது யாருக்கு என்று எந்தத் தமிழரும் குழம்ப மாட்டார். ‘என்று’ ஒன்று போதும். சொன்னவனின் ‘எனக்கு’, சொன்னவனின் காலம் எல்லாம் கலையாமல் வந்து சேர்ந்துவிடும். முறையான அயற்கூற்றுக்கு மாற்றினாலும் ‘தான் நாளை வருவதாக முரளி சொன்னான்’ என்கிறோம். ‘நான்’ என்பது ‘தான்’ ஆனதே தவிர, ‘வருவதாக’ என்பதில் காலம் நகரவில்லை. சொன்ன அந்த நொடியிலிருந்து பார்த்தால் வருகை இனிமேல் நடக்க வேண்டியது. அதுவே தமிழுக்குப் போதும்.

ஆங்கிலம் அப்படி விடாது. மேற்கோள் குறி போனவுடன் உள்ளே இருக்கும் வினையையும் செய்தி சொல்பவரின் கடிகாரத்துக்கு மாற்றி வைக்கச் சொல்லும். டென்மார்க்கின் மொழியியலாளர் ஆட்டோ யெஸ்பெர்சன் 1924-இல் வெளியான தம் இலக்கண நூலில் இந்த நகர்வை ‘பேக்‌ஷிஃப்டிங்’, அதாவது காலத்தைப் பின்னுக்குத் தள்ளுதல் என்று குறிப்பிட்டார். எல்லா மொழிகளிலும் இந்த வழக்கம் இல்லை. ரஷ்ய மொழியும் ஜப்பானிய மொழியும் இந்த விஷயத்தில் தமிழின் பக்கம்தான்.

ஆகவே ‘முரளி டோல்ட் தட் ஐ ஆம் நாட் வெல்’ என்று எழுதுபவர் சிந்திக்கத் தெரியாதவர் அல்லர்; தமிழில் சரியாகச் சிந்தித்து, அதை ஆங்கிலச் சொற்களில் இறக்கியிருக்கிறார். ஆனால் படிக்கும் ஆங்கிலேயர், நோய் இவருக்குத்தான் என்று எடுத்துக்கொள்வார். ‘முரளி செட் தட் ஹி வாஸ் நாட் வெல்’ என்பதே சரி.

டென்ஸ் எந்தக் கணக்கில் மாறுகிறது?

‘செட்’, ‘டோல்ட்’, ‘ஆஸ்க்ட்’ போன்ற அறிவிக்கும் வினை இறந்தகாலத்தில் இருந்தால், உள்ளே இருக்கும் வினை ஒரு படி பின்னால் போகும். ‘இஸ்’ என்பது ‘வாஸ்’. ‘ஆர்’ என்பது ‘வெர்’. ‘கோஸ்’ என்பது ‘வென்ட்’. ‘இஸ் கோயிங்’ என்பது ‘வாஸ் கோயிங்’. ‘ஹேஸ் கான்’ என்பது ‘ஹேட் கான்’. ஏற்கெனவே ‘ஹேட் கான்’ என்று இருந்தால் அதற்குப் பின்னால் படி இல்லை, அப்படியே நிற்கும்.

துணைவினைகளில் ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகும். ‘கேன்’ என்பது ‘குட்’ ஆகும். ‘மே’ என்பது ‘மைட்’ ஆகும். ‘வுட்’, ‘குட்’, ‘மைட்’, ‘ஷுட்’, ‘ஆட் டு’ ஆகியவை மாறுவதில்லை. ‘மஸ்ட்’ மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கட்டாயத்தைச் சொன்னால் ‘ஹேட் டு’ என்று மாற்றலாம், ‘மஸ்ட்’ என்றே விட்டாலும் பிழையில்லை: ‘ஹி செட் தட் ஐ ஹேட் டு லீவ்.’ ஊகத்தைச் சொன்னால் மாற்றவே கூடாது. “ஷி மஸ்ட் பீ இல்” என்றால் ‘அவளுக்கு உடம்பு சரியில்லாமல் இருக்க வேண்டும்’ என்ற ஊகம். அதை ‘ஹேட் டு பீ இல்’ என்று எழுதினால், நோயில் விழுவது அவள் கடமை என்பது போல ஆகிவிடும்.

‘வென்ட்’ என்று இருந்தால் கட்டாயம் ‘ஹேட் கான்’ என்று மாற்ற வேண்டுமா?

தேர்வில் மாற்றுங்கள், திருத்துபவர் அதைத்தான் எதிர்பார்ப்பார். வெளியே, குழப்பம் வராத இடங்களில் ஆங்கிலேயர்கள் ‘வென்ட்’ என்றே விட்டுவிடுவது வழக்கம். ‘ஹி செட் ஹி வென்ட் டு ஸ்கூல் இன் 1990’ என்பதில் ஆண்டே காலத்தைச் சொல்லிவிடுகிறது. ஆனால் “ஐ லைக்ட் த ஜாப்” என்றவரைப் பற்றி ‘ஹி செட் ஹி லைக்ட் த ஜாப்’ என்று எழுதினால், அந்த வேலை அப்போது பிடித்திருந்தது என்றாரா, முன்பு ஒரு காலத்தில் பிடித்தது என்றாரா என்பது தெரியாது. அங்கே ‘ஹேட் லைக்ட்’ வேண்டும்.

எந்த இடங்களில் டென்ஸை மாற்றத் தேவையில்லை?

அறிவிக்கும் வினை நிகழ்காலத்திலோ எதிர்காலத்திலோ இருந்தால் கை வைக்க வேண்டாம்: ‘ஹி சேஸ் தட் ஹி இஸ் டயர்ட்.’

என்றும் மாறாத உண்மைகளுக்கு நிகழ்காலமே நிற்கும் என்று நூல்கள் சொல்கின்றன: ‘த டீச்சர் செட் தட் த எர்த் கோஸ் ரவுண்ட் த சன்.’ விதி சரிதான். ஆனால் இதன் உள்ளே இன்னும் சுவையான ஒன்று இருக்கிறது. நிகழ்காலத்தை வைத்தால், சொன்னவரோடு சேர்ந்து நாமும் அந்தச் செய்திக்குப் பொறுப்பேற்பது போல ஒலிக்கும். ஒருவர் “த எர்த் இஸ் ஃபிளாட்” என்கிறார். உலகம் தட்டை என்பது அவர் நம்பிக்கை, நம்முடையது அன்று. ‘ஹி செட் தட் த எர்த் வாஸ் ஃபிளாட்’ என்று எழுதும்போது, ‘இது அவர் சொன்னது, எனக்கு இதில் பங்கில்லை’ என்ற விலகல் அந்த ‘வாஸ்’ என்பதிலேயே வந்துவிடுகிறது. செய்தி எழுதுபவர்களுக்கு இது மிகவும் பயன்படும்.

இதற்கு நேர் எதிரான பயமும் மாணவர்களிடம் உண்டு. “மை நேம் இஸ் கமலா” என்றவரை ‘ஷி செட் தட் ஹெர் நேம் வாஸ் கமலா’ என்று எழுதினால், இப்போது அவர் பெயர் வேறு என்று ஆகிவிடாதா என்று கேட்பார்கள். ஆகாது. இந்த ‘வாஸ்’ என்பது ‘செட்’ என்பதோடு ஒத்துப்போக வந்தது. செய்தி முடிந்துபோனது என்று சொல்ல வந்ததல்ல.

‘டுமாரோ’ வந்தால் எப்போதும் ‘த நெக்ஸ்ட் டே’ தானா?

இல்லை. பட்டியல் அதிகமாக ஏமாற்றும் இடம் இதுதான்.

திங்கள்கிழமை மாலை, நூலகத்தில், முரளி கமலாவிடம் சொல்கிறார்: “ஐ வில் மீட் யூ ஹியர் டுமாரோ.” இதைக் கமலா மற்றவர்களிடம் எப்படிச் சொல்வார்?

அன்றைக்கே, அதே நூலகத்தில் இருந்தபடி தோழியிடம் சொன்னால்: முரளி செட் ஹி வுட் மீட் மீ ஹியர் டுமாரோ. ‘வில்’ என்றே சொன்னாலும் சரி, ஏனென்றால் சந்திப்பு இனிமேல்தான் நடக்க வேண்டும்.

செவ்வாய் காலை, வீட்டிலிருந்து சொன்னால்: முரளி செட் ஹி வுட் மீட் மீ தேர் டுடே.

புதன்கிழமை, முரளி வராமல் ஏமாற்றிய கோபத்தில் சொன்னால்: முரளி செட் ஹி வுட் மீட் மீ தேர் எஸ்டர்டே.

ஒரு மாதம் கழித்து, வேறு இடத்தில் சொன்னால்: முரளி செட் தட் ஹி வுட் மீட் மீ தேர் த நெக்ஸ்ட் டே.

நான்கும் சரி. கேள்வித்தாளுக்குத் தெரிந்தது நான்காவது மட்டும். காரணம், யார், எங்கே, எப்போது என்று எதையும் சொல்லாமல் கேட்கும்போது, காலமும் இடமும் தொலைவில் இருப்பதாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அந்தக் கணக்கில் ‘எஸ்டர்டே’ என்பது ‘த டே பிஃபோர்’ ஆகும். ‘அகோ’ என்பது ‘பிஃபோர்’ ஆகும். ‘நவ்’ என்பது ‘தென்’ ஆகும். ‘திஸ்’ என்பது ‘தட்’ ஆகும். தேர்வறையில் அப்படியே எழுதிவிட்டு வாருங்கள். ஆனால் இன்று காலை வந்த தொலைபேசிச் செய்தியை இன்று மாலை அலுவலகத்தில் சொல்லும்போது ‘த நெக்ஸ்ட் டே’ என்றால், கேட்பவர் எந்த நாளுக்கு அடுத்த நாள் என்று விழிப்பார்.

‘செட்’ எங்கே, ‘டோல்ட்’ எங்கே?

‘டோல்ட்’ என்றால் கேட்டவர் யார் என்று உடனே சொல்லியாக வேண்டும்: ‘ஹி டோல்ட் மீ தட்…’ வெறும் ‘ஹி டோல்ட் தட்’ பிழை. ‘செட்’ தனியாக நிற்கும். கேட்டவரைச் சேர்க்க வேண்டுமானால் ‘டு’ வேண்டும்: ‘ஹி செட் டு மீ.’ ‘ஹி செட் மீ’ என்பது ஆங்கிலமே அல்ல. நேர்க்கூற்றில் ‘செட் டு’ என்று இருந்தால், மாற்றும்போது ‘டோல்ட்’ என்று எழுதுவதே இயல்பு.

கேள்விகளை மாற்றும்போதுதான் எனக்கு எப்போதும் தவறுகிறது. எங்கே கவனிக்க வேண்டும்?

கேள்வி, கேள்வியாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. அதைக் கவனித்தால் மற்றவை தாமாக வரும்.

“வேர் இஸ் த கீ?” என்று ஒருவர் கேட்டார். நாம் எழுதுவது கேள்வி அல்ல, அவர் கேட்டார் என்ற செய்தி. ஆகவே கேள்விக்குறி போகும். எழுவாய்க்கு முன்னால் தாவியிருந்த ‘இஸ்’ தன் பழைய இடத்துக்குத் திரும்பும்: ‘ஹி ஆஸ்க்ட் மீ வேர் த கீ வாஸ்.’ பலர் ‘வேர் வாஸ் த கீ’ என்று முடிப்பார்கள். அதில் கேள்வியின் வரிசை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆம், இல்லை என்று விடை வரும் கேள்விகளில் ‘வேர்’, ‘வென்’ போன்ற வினாச்சொல் இல்லை. அந்த இடத்தை நிரப்ப ‘இஃப்’ அல்லது ‘வெதர்’ வரும். கேள்விக்காக வந்த ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ வேலை முடிந்து விலகும். “டிட் யூ லாக் த டோர்?” என்பது ‘ஹி ஆஸ்க்ட் மீ இஃப் ஐ ஹேட் லாக்ட் த டோர்’ ஆகும். ‘டிட்’ சுமந்த இறந்தகாலம் ‘ஹேட் லாக்ட்’ என்பதற்குள் போய்விட்டது.

‘ஆஸ்க்ட் தட் வெதர்’ என்று எழுதும் பழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. ‘பூட்டினாயா என்று கேட்டான்’ என்பதில் உள்ள ‘என்று’ என்பதற்கு ஒரு ‘தட்’ வேண்டும் என்று மனம் தேடுகிறது. தேவையில்லை. ‘வெதர்’ வந்த இடத்தில் ‘தட்’ வராது. வினாச்சொல் வந்த இடத்திலும் வராது.

‘இஃப்’, ‘வெதர்’ இரண்டும் ஒன்றா?

பெரும்பாலும் ஒன்றுதான். ‘ஆர் நாட்’ என்பது உடனே பின்தொடர்ந்தாலும், ‘டு’ சேர்ந்த வினை வந்தாலும் ‘வெதர்’ மட்டும்: ‘ஹி ஆஸ்க்ட் வெதர் டு வெயிட்.’

“கேன் யூ ஓப்பன் த டோர்?” என்பதையும் ‘இஃப்’ போட்டு மாற்றலாமா?

வடிவத்தில் கேள்வி, பொருளில் வேண்டுகோள். கதவைத் திறக்கும் வலிமை உங்களுக்கு உண்டா என்று யாரும் விசாரிக்கவில்லை. ‘ஹி ஆஸ்க்ட் மீ டு ஓப்பன் த டோர்’ என்பதே அவர் சொன்னது. அதேபோல் “ஷல் ஐ கேரி யுவர் பேக்?” என்றவர் உதவ முன்வந்தார்: ‘ஹி ஆஃபர்ட் டு கேரி மை பேக்.’ எந்த வாக்கியத்தையும் மாற்றும் முன், பேசியவர் என்ன செய்தார் என்று பாருங்கள்: கேட்டாரா, கெஞ்சினாரா, எச்சரித்தாரா, மறுத்தாரா? அந்தச் செயலுக்குரிய வினை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

கட்டளைகளும் அறிவுரைகளும்?

‘டு’ சேர்ந்த வினைதான். “சிட் டவுன்” என்பது ‘ஹி டோல்ட் மீ டு சிட் டவுன்’. வேண்டாம் என்றால் ‘நாட்’ முன்னால் வரும்: “டோன்ட் டச் இட்” என்பது ‘ஷி வார்ன்ட் மீ நாட் டு டச் இட்’.

‘சஜெஸ்ட்’ மட்டும் தனிப் பிறவி. ‘ஹி சஜெஸ்டட் மீ டு வெயிட்’ என்பது நம் மின்னஞ்சல்களில் தினமும் தென்படும் பிழை. ‘ஹி சஜெஸ்டட் தட் ஐ வெயிட்’ என்றோ ‘ஹி சஜெஸ்டட் வெயிட்டிங்’ என்றோ எழுத வேண்டும். ‘மீ டு வெயிட்’ என்ற அமைப்பை விட மனமில்லை என்றால் வினையை மாற்றுங்கள்: ‘ஹி அட்வைஸ்ட் மீ டு வெயிட்.’ “லெட் அஸ் கோ” என்பதும் ‘சஜெஸ்ட்’ வகைதான்.

‘எக்ஸ்க்ளெய்ம்ட் வித் ஜாய்’ என்று யாராவது உண்மையில் எழுதுகிறார்களா?

கேள்வித்தாளுக்கு வெளியே அரிது. “ஹுர்ரே! வீ ஹேவ் வன்!” என்ற ஆரவாரத்தை ‘தே எக்ஸ்க்ளெய்ம்ட் வித் ஜாய் தட் தே ஹேட் வன்’ என்று மாற்றினால் ஆரவாரம் செத்து, அறிக்கை மிஞ்சும். மதிப்பெண்ணுக்காகக் கற்றுக்கொள்ளுங்கள், கதை எழுதும்போது அந்தக் குரலை மேற்கோளுக்குள்ளேயே விட்டுவிடுங்கள். “தேங்க் யூ” என்றால் ‘ஹி தேங்க்ட் மீ’ போதும்; “குட் மார்னிங்” என்றால் ‘ஹி விஷ்ட் மீ குட் மார்னிங்’ போதும்.

‘இஃப் ஐ ஹேட் விங்ஸ், ஐ வுட் ஃபிளை’ போன்ற கற்பனை வாக்கியங்கள்?

டென்ஸ் மாறாது. அந்த ‘ஹேட்’ காலத்தைக் காட்ட வந்ததல்ல, நடவாததைக் காட்ட வந்தது. ‘ஹி செட் தட் இஃப் ஹி ஹேட் விங்ஸ், ஹி வுட் ஃபிளை.’

‘தட்’ கட்டாயமா?

‘செட்’ என்பதற்கும் ‘டோல்ட் மீ’ என்பதற்கும் பின்னால் விட்டுவிடலாம். ‘ரிப்ளைட்’, ‘எக்ஸ்ப்ளெய்ன்ட்’ போன்றவற்றுக்குப் பின் வைத்துக்கொள்வதே நல்லது. மேற்கோள் குறிக்கு முன் வந்த கமா, ‘தட்’ வரும்போது போய்விடும். பலர் அதை மறந்து ‘செட், தட்’ என்று எழுதுகிறார்கள்.

ஓர் உரையாடலை முழுவதும் பத்தியாக மாற்றச் சொன்னால்?

வரிக்கு வரி ‘செட்’ போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஒரு சிறு உரையாடல்:

“வேர் ஹேவ் யூ பீன்?” ஆஸ்க்ட் ரவிஸ் மதர்.
“ஐ மிஸ்ட் த பஸ்,” செட் ரவி. “ப்ளீஸ் டோன்ட் பீ ஆங்ரி.”
“டிட் யூ கால் யுவர் ஃபாதர்?”
“நோ.”

மாற்றினால்: ரவிஸ் மதர் ஆஸ்க்ட் ஹிம் வேர் ஹி ஹேட் பீன். ரவி ரிப்ளைட் தட் ஹி ஹேட் மிஸ்ட் த பஸ் அண்ட் பெக்ட் ஹெர் நாட் டு பீ ஆங்ரி. ஷி தென் ஆஸ்க்ட் வெதர் ஹி ஹேட் கால்ட் ஹிஸ் ஃபாதர். ஹி செட் தட் ஹி ஹேட் நாட்.

‘ப்ளீஸ்’ எங்கே போனது? ‘பெக்ட்’ என்பதற்குள் இருக்கிறது. ‘நோ’ எங்கே? ‘ஹேட் நாட்’ என்பதற்குள். ஒரே மூச்சில் ரவி சொன்ன இரண்டு வாக்கியங்களை ‘அண்ட்’ இணைத்தது. செய்தி ஒன்று, கெஞ்சல் ஒன்று என்பதால் வினைகள் மட்டும் வேறு. அம்மாவின் அடுத்த கேள்விக்கு ஒரு ‘தென்’ போட்டதால் வரிசை கலையவில்லை.

இரண்டு ஆண்கள் பேசும் உரையாடலில் ‘ஹி’ யாரைக் குறிக்கிறது என்று தெரியவில்லையே?

தெரியாது, இது ஆங்கிலத்தின் குறை. ‘ரவி டோல்ட் மோகன் தட் ஹி ஹேட் ஃபெயில்ட்.’ தோற்றது ரவியா, மோகனா? தமிழில் ‘தான் தோற்றுவிட்டதாக’ என்றால் சொன்னவரே தோற்றவர், சந்தேகமில்லை. ஆங்கிலத்தில் ‘தான்’ என்பதற்கு இந்த வேலையைச் செய்யும் சொல் இல்லை. சிலர் ‘ஹி’ என்பதை அடுத்து அடைப்புக்குறிக்குள் பெயரைப் போட்டுச் சமாளிப்பார்கள். வழக்கில் உண்டு, ஆனால் பார்க்க அழகாக இருக்காது. பெயரையே மறுபடி எழுதுவது தெளிவு: ‘ரவி இன்ஃபார்ம்ட் மோகன் தட் மோகன் ஹேட் ஃபெயில்ட்.’ தோற்றது ரவி என்றால் இன்னும் நல்ல வழி, வினையை மாற்றுவது: ‘ரவி அட்மிட்டட் டு மோகன் தட் ஹி ஹேட் ஃபெயில்ட்.’ ஒப்புக்கொள்பவர் பெரும்பாலும் தம் தோல்வியைத்தான் ஒப்புக்கொள்வார் என்பதால் ‘ஹி’ தானாக ரவியிடம் போய்ச் சேர்ந்துவிடும்.